பழைய ஜீப்புக்குப் பவர் பிரேக்: உச்சிப்புளியில் ஐந்து வாரம்

நேற்று மாலை வெயில் தாழ்ந்த பிறகு, எங்கள் ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகும் தார்ச்சாலையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, முன்சக்கரம் கோட்டில் ஏறும்போது பிரேக்கை மிதித்தேன். ஜீப் நின்ற இடம் வரை டேப் பிடித்து அளந்தால் 12 மீட்டர். மறுபடி இரண்டு முறை ஓட்டினேன்: 12.4, 11.8. ஐந்து வாரத்துக்கு முன்பு இதே சாலையில், இதே வேகத்தில் அளந்தபோது 23 மீட்டர் வந்தது. அன்று சீட்டிலிருந்து எழும்பி, முதுகைச் சாய்த்து, முழு பலத்தையும் போட்டு மிதித்தேன். நேற்று செருப்புக் காலால் சாதாரணமாக மிதித்தேன்.

அந்த 11 மீட்டர் வித்தியாசத்துக்கு என்னென்ன செய்தேன், எங்கெங்கே தவறினேன் என்பதை அளவுகள் மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன். பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், அதுவும் கடற்கரையில் ஓட்டுபவர்கள், இதில் ஒரு தவறையாவது தவிர்க்கலாம்.

வண்டி 1987-ஆம் ஆண்டு மகிந்திரா எம்எம் 540. அரிச்சல்முனை வரை 2017-இல் தார்ச்சாலை வருவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் ஆள் ஏற்றிப் போன வண்டிகளில் இதுவும் ஒன்று. சாலை வந்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. உடைமரத்தடியில் நெடுநாள் நின்றுவிட்டு என்னிடம் வந்தது. வரும்போதே பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு 2,523 சிசி டிஐ என்ஜின் ஏற்றியிருந்தார்கள். மணலில் மிதந்து போகப் பெரிய டயர். பழைய டயரின் உயரம் 72 சென்டிமீட்டர், இப்போது இருப்பது 78. தொங்கும் பெடலும், வெற்றிடத்தின் இழுப்பால் கால் மிதிப்புக்கு வலு கூட்டும் ஒரு சிறிய பிரேக் பூஸ்டரும் மாட்டியிருந்தது. விற்றவர், பவர் பிரேக் வண்டி என்றுதான் சொன்னார். நானும் நம்பினேன்.

நம்பிக்கை போனது பாம்பன் பாலத்தில். வலை, ஐஸ் பெட்டி, படகுக்கு மாட்டும் வெளிப்பொருத்து என்ஜின் ஒன்று, பின்னால் இரண்டு பேர். பாலத்தின் நடு உயரத்தைத் தாண்டித் தீவுப் பக்கம் இறங்கும்போது, கடலைப் பார்க்க வந்த வேன் ஒன்று முன்னால் சட்டென்று நின்றது. மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது, வண்டி நிற்கவில்லை. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, வேனுக்கு ஒரு முழம் பின்னால் நின்றோம். பின்னால் இருந்தவர்கள் ஒன்றும் பேசவில்லை. தங்கச்சிமடம் போய்ச் சேரும்வரை என் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

கீழக்கரையில் டீசல் வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயது 60-ஐத் தாண்டியவர். எல்லோரும் போல நானும் காக்கா (அண்ணன்) என்றுதான் அழைப்பேன். மறுநாள் வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து, பூஸ்டரிலிருந்து கிளம்பும் குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். அது என்ஜினின் காற்று போகும் மேனிஃபோல்டில் போய் முடிந்தது.

"தம்பி, இது டீசல் வண்டி. இங்கே ஏது வேக்கம்?" என்றார்.

பெட்ரோல் வண்டியில் அந்த இடத்தில் வேக்கம், அதாவது வெற்றிடம், கிடைக்கும். டீசலில் காற்றை மறிக்கும் தட்டு கிடையாது, ஆகவே இழுப்பும் கிடையாது. 600 ரூபாய்க்கு ஒரு வேக்கம் கேஜ் வாங்கி அந்தக் குழாயில் மாட்டினேன். ஐடிலில் முள் அசையவே இல்லை. என்ஜினை முறுக்கினால் ஒரு இஞ்ச் வரை எழுந்து விழுந்தது (கேஜ் வெற்றிடத்தைப் பாதரச இஞ்சில் காட்டும்). இத்தனை நாள் அந்தப் பூஸ்டர் வெறும் தகர டப்பாவாகத்தான் உட்கார்ந்திருந்தது. காலுக்கு உதவியில்லை என்பதோடு, அதன் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் சேர்த்து நான் மிதித்துக்கொண்டிருந்தேன்.

முதல் வேலை வேக்கம். இதே என்ஜினுக்கு, முதுகில் வேக்கம் பம்ப் வைத்த ஆல்டர்னேட்டர் உண்டு. என் வண்டியில் ஏற்றிய என்ஜினோடு அது வரவில்லை. யாரோ கழற்றி விற்றுவிட்டு, பம்ப் இல்லாததை மாட்டியிருந்தார்கள். மதுரையில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் ஒன்று 4,800 ரூபாய்க்குக் கிடைத்தது. பம்பைத் திறந்து உள்ளே ஓடும் பட்டைகளையும் ரப்பர் வளையங்களையும் மாற்ற 650. பெல்ட் வரிசையும் தாங்கியும் சரியாகப் பொருந்தின.

இந்தப் பம்புக்கு என்ஜின் எண்ணெய் போய் வர வேண்டும். எண்ணெய் அழுத்த சுவிட்ச் இருக்கும் துளையில் டி (மூன்று வழி இணைப்பு) போட்டு, மெல்லிய குழாயில் பம்புக்கு எடுத்தேன். திரும்பி வரும் குழாயில்தான் தவறினேன். கையில் இருந்தது 8 மில்லிமீட்டர் ஹோஸ். போதும் என்று மாட்டினேன். 20 நிமிடம் ஓட்டியதும் ஆல்டர்னேட்டரின் பின்மூடி ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. உள்ளே போவது அழுத்தத்தோடு போகிறது. வெளியே வருவது தன் எடையால் காற்றோடு கலந்து வடிய வேண்டும். குறுகலான குழாயில் வடியாமல் பம்பின் வயிற்றில் தேங்கிவிட்டது. ஐந்து நூல் (சுமார் 16 மில்லிமீட்டர்) ஹோஸ் வாங்கி, எங்கேயும் மேடு இல்லாமல் சரிவாகவே எண்ணெய்த் தொட்டி வரை இறக்கினேன். கசிவு நின்றது.

இப்போது கேஜை மாட்டினால் ஐடிலிலேயே 10 விநாடிக்குள் 24 இஞ்ச். முள் அப்படி எழுந்து நின்றதைப் பார்த்தபோது பாதி வேலை முடிந்துவிட்டது என்று தோன்றியது. என்ஜினை நிறுத்தினேன். ஒரே நிமிடத்தில் முள் 9-க்கு இறங்கிவிட்டது. எங்கோ காற்று ஏறுகிறது. பஞ்சர் பார்ப்பதுபோலச் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று அரை மணி நேரம் பார்த்தேன். குமிழி எப்படி வரும்? இங்கே காற்று வெளியே வரவில்லை, உள்ளே போகிறது. சோப்பு நீரையும் அது உறிஞ்சிக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்டபின் ஹோஸை ஒவ்வோர் இடமாகக் கவ்வி மூடிப் பார்த்தேன். பூஸ்டருக்குப் பக்கத்தில் கவ்வினால் முள் நின்றது. ஆகவே ஓட்டை பூஸ்டர் பக்கம். ஒருவழி வால்வு உட்காரும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. வால்வு, வளையம், சரியான வேக்கம் ஹோஸ் மூன்றும் சேர்த்து 780 ரூபாய். டீசல் ஹோஸை இதற்குப் போடக் கூடாது. சூட்டில் இளகியதும் இழுப்பில் சப்பையாகி ஒட்டிக்கொள்கிறது. முதல் வாரம் நான் போட்டிருந்தது அதுதான்.

பழைய சிறிய பூஸ்டரை எடுத்துவிட்டு 9 இஞ்ச் பூஸ்டர் ஒன்றைப் பழையதாக 2,600-க்கு வாங்கினேன். பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் புதிது, இரட்டை வழி உள்ளது, 2,900. இரட்டை வழி என்பதில் சமரசமே செய்யக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பழையதில் ஒரே வழி. நான்கு சக்கரத்தில் எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கும் போய்விடும். இரட்டை வழியில் முன்னால் போனால் பின்னால் மிஞ்சும், பின்னால் போனால் முன்னால் மிஞ்சும். கடையில் வாங்கும்போது, நான்கு சக்கரமும் டிரம் உள்ள வண்டியின் சிலிண்டர் வேண்டும் என்று சொல்லி வாங்கினேன். முன்னால் டிஸ்க் உள்ள வண்டியின் சிலிண்டரில் உள்ளமைப்பு வேறு.

பூஸ்டரைத் தாங்கும் தகட்டை வெல்டிங் பட்டறையில் அடித்து, பழைய துளைகளிலேயே மாட்டினேன். மச்சானைப் பெடலில் உட்கார வைத்து மிதிக்கச் சொல்லி, நான் பானெட்டுப் பக்கம் நின்று பார்த்தேன். அவன் மிதிக்க மிதிக்க, என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரே வளைந்து பூஸ்டர் முன்னால் போய் வந்தது. அளந்தால் 4 மில்லிமீட்டர். காலின் விசை பிரேக்குக்குப் போகும் முன் தகரத்தை வளைக்கவே செலவாகிக்கொண்டிருந்தது. 37 வருட உப்புக் காற்றில் அந்தத் தகடு மெலிந்தும் போயிருந்தது. இரண்டு பக்கமும் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு வைத்து நடுவில் அதைக் கவ்வி, மேலே டேஷ்போர்டின் குறுக்குச் சட்டத்துக்கு ஒரு தாங்கு கம்பியும் பற்றவைத்தோம். அசைவு அரை மில்லிமீட்டருக்கும் குறைந்தது.

இங்கே அவசரப்பட்டதற்குப் பின்னால் 700 ரூபாய் கட்டினேன். பெடலின் சுழலும் முனையிலிருந்து மிதிகட்டை நடு வரை 300 மில்லிமீட்டர். அதே முனையிலிருந்து தள்ளுகம்பி மாட்டும் துளை வரை 50. ஆறுக்கு ஒன்று, அதாவது காலின் விசை ஆறு மடங்காகும். வெறும் காலால் மிதிக்கும் வண்டிக்கு அது பொருத்தம். பூஸ்டர் உயிரோடு வேலை செய்யும் வண்டிக்கு அது மிகை. வீட்டு முற்றத்தில் முதல் ஓட்டத்திலேயே தெரிந்தது: காலை வைத்ததும் மூக்கு தரையில் குத்துவதுபோல் நின்றது. கொஞ்சமாகப் பிடிப்பது, மெதுவாகப் பிடிப்பது என்பதே இல்லை. மழைச் சாலையில் இப்படி ஒரு பிரேக் ஆபத்தானது. பெடலில் 70 மில்லிமீட்டரில் புதுத் துளை போட்டால் விகிதம் 4.3 ஆகும். ஆனால் துளை கீழே இறங்கினால் பூஸ்டரும் 20 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டுமே. பற்றவைத்த தகட்டை வெட்டி, இறக்கி, மறுபடி பற்றவைத்தோம். பெடலை முதல் நாளே அளந்திருந்தால் இந்த வேலை ஒரே முறையில் முடிந்திருக்கும்.

அடுத்தது குழாய்கள். இந்த ஐந்து வாரத்தில் என்னை உண்மையில் பயமுறுத்தியது இதுதான்.

சேசிஸ் ஓரமாகப் பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயை ஸ்க்ரூடிரைவரால் லேசாகச் சுரண்டினேன். துரு பொடியாக உதிரவில்லை, கருவாட்டுச் செதில் போல அடுக்கடுக்காக எழும்பி வந்தது. கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் குழாயை ஹாக்ஸாவால் குறுக்கே அறுத்து, வெட்டுமுகத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் முக்கால் மில்லிமீட்டர். எதிர்ப்பக்கம் கிளாம்புக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், காகிதம். நகத்தால் அழுத்தினேன்; உள்ளே குழிந்தது. பாலத்தில் நான் எழும்பி மிதித்த மிதியைத் தாங்கியது அந்தக் காகிதம்தான். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீர் சேசிஸில் இறங்கி, கிளாம்புக்கும் குழாய்க்கும் நடுவில் தேங்கி, காயாமலே இருந்திருக்கிறது. வெளியே கறுப்புப் பெயிண்ட் மட்டும் முழுசாக இருந்தது.

அன்றே எல்லாக் குழாயையும் பிடுங்கினேன். புதிதாகப் போட்டது செம்பும் நிக்கலும் கலந்த குழாய். ஒன்றரை நூல் கனம், 30 அடி, 2,700 ரூபாய். இரும்புக் குழாயைவிட விலை கூடுதல். ஆனால் துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். தனிச் செம்புக் குழாயைச் சிலர் போடுகிறார்கள். அதிர்வில் செம்பு இறுகி வெடிக்கும். பிரேக்குக்கு அது கூடாது. முனையை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவி 2,100. முதல் ஐந்து முனையும் கோணலாகப் போயின. குழாயை ரம்பத்தால் அறுத்ததுதான் காரணம். சுழற்றி வெட்டும் கட்டர் வைத்து நேராக வெட்டி, உள்விளிம்பைச் சீவி, ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி விரித்தபிறகு ஒவ்வொன்றும் காளான் தொப்பி போல ஒழுங்காக வந்தது. நட்டை முதலில் குழாயில் நுழைத்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும். இதை இரண்டு முறை மறந்தேன்.

நட்டில் இன்னொரு பொறி இருந்தது. பழைய நட்டுகள் மூன்று நூல் அளவு. நான் புதிதாக வாங்கிய பித்தளை டி 10 மில்லிமீட்டர் மரை. மூன்று நூல் என்பது ஒன்பதரை மில்லிமீட்டர். மரையின் இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் பழைய நட்டு புது டிக்குள் விரலாலேயே சுகமாக ஏறியது. அந்தச் சுகத்தைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஸ்பானர் போட்டு இறுக்கியபோது கடைசிக் கால் சுற்றில் பிடி இறுகாமல் இளகியது. கழற்றினால், பித்தளைத் தூள் நட்டின் மரையில் பொன் துகளாக ஒட்டியிருந்தது. டி வீண், 250 ரூபாய். முதல் கடும் மிதியில் கழன்று வந்திருக்கும் என்று நினைத்தால் 250 மலிவு. பிறகு எல்லா நட்டையும் 10 மில்லிமீட்டராகவே மாற்றி, பழையவற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கட்டிவைத்தேன். சேசிஸில் குழாய் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் உறை. கிளாம்பின் அடிப்பக்கம் நீர் வடிய ஒரு வெட்டு.

டிரம்களைத் திறந்தது பெரிய வேலை, சொல்வதற்குக் கொஞ்சம்தான். பின் இடது டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மணல் வந்தது. அந்தச் சக்கரத்தின் வீல் சிலிண்டரில் ஒரு பிஸ்டன் துருவில் ஒட்டி அசையாமல் கிடந்தது. மூன்றே முக்கால் சக்கரத்தில்தான் இத்தனை நாள் பிரேக் பிடித்திருக்கிறேன். நான்கு வீல் சிலிண்டரும் புதிது, 2,200. டிரம்மின் உள்ளே உரசிப் பிடிக்கும் எட்டு ஷூவுக்கும் புது லைனிங் அடிக்க 1,600. இராமநாதபுரத்தில் லேத் பட்டறையில் நான்கு டிரம்மையும் கடைந்து வட்டமாக்க 1,400. பழைய லைனிங் தூளை வாயாலோ காற்றாலோ ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நீரில் நனைத்துத் துணியால் துடைப்பதே சரி.

பிறகு காற்று எடுத்தல், அதாவது பிரேக் குழாய்களில் தங்கிய காற்றை வெளியேற்றுவது. மாஸ்டர் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் தூரமான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வந்தேன். மச்சான் மிதிக்க, நான் கீழே படுத்து நிப்பிளைத் திறந்து மூட. "மிதி, பிடி, விடு" என்று ஒரு மதியம் முழுவதும் கத்தியும் பெடல் பஞ்சாகவே இருந்தது. ஆயில் இரண்டு பாட்டில் காலி. மாலையில் காக்காவுக்குப் போன் செய்தேன். "சிலிண்டரை மாட்டும் முன்னால் வைஸில் வைத்துக் காற்று எடுத்தாயா?" என்று கேட்டார். எடுக்கவில்லை. கழற்றி, வைஸில் மட்டமாகக் கட்டி, இரண்டு துளையிலும் சிறு குழாய் வைத்து அதன் முனைகளை ஆயில் தொட்டியிலேயே மூழ்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை மெல்ல மெல்லத் தள்ளினேன். பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. 15 நிமிடம் வந்துகொண்டே இருந்தது. திரும்ப மாட்டிக் காற்று எடுத்தபோது அரை மணி நேரத்தில் பெடல் மேலே கெட்டியாக நின்றது.

பிரேக் ஆயில் டாட் 4 என்ற ரகம். புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்துவிட்டால் அது 155 வரை இறங்கும். நம் கரையில் காற்றிலேயே ஈரம். பாட்டிலைத் திறந்தால் வேலை முடிந்ததும் மூடுங்கள். மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு வைக்காதீர்கள்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்பதை எல்லோரும் பார்க்கும் முறையில் பார்த்தேன். என்ஜினை நிறுத்திவிட்டு ஐந்து முறை மிதித்தேன், பெடல் கெட்டியானது. அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தேன். காலுக்கு அடியில் பெடல் தானாகக் கொஞ்சம் இறங்கியது. மச்சானும் மிதித்துப் பார்த்தான். இரண்டு பேருக்கும் வாயெல்லாம் சிரிப்பு.

மறுநாளே தங்கச்சிமடம் கிளம்பினேன். மண்டபம் வரை அருமையாக இருந்தது. பாலத்தில் ஏறும்போது வண்டி கனத்தது. மூன்றாவது கியரில் ஏறும் மேட்டுக்கு இரண்டாவது கேட்டது. எதிர்க்காற்று என்று நினைத்தேன். காற்று அன்று பலமாகத்தான் வீசியது. உச்சியில் லைனிங் கருகும் வாடை வந்தது. பாலத்தில் நிறுத்தக் கூடாது என்று மெல்ல இறங்கி, பாம்பனில் ஓரம் கட்டினேன். இறக்கத்திலும் வண்டி தானாக உருளவில்லை. பெடலைத் தொட்டால் கல். நான்கு டிரம்மிலும் தண்ணீர் தெளித்தேன். நான்கிலும் தோசைக்கல்லில் தெளித்ததுபோலச் சுரீர் என்று ஆவி எழுந்தது.

ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் கோளாறு அந்தச் சக்கரத்தில். நான்கும் சுட்டால் கோளாறு மேலே இருக்கிறது. போனில் காக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் இரண்டு சுற்று தளர்த்து. வண்டி விடுகிறதா பார்." தளர்த்தினேன். இரண்டாவது சுற்றில் டிக் என்று ஒரு சத்தம். ஜீப் தானாக ஒரு சாண் உருண்டது. சக்கரத்துக்குக் கல் வைக்காததால் ஓடிப்போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

பூஸ்டரிலிருந்து வந்து மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி நீளமாக இருந்திருக்கிறது. காலை எடுத்தபின்னும் பிஸ்டனை ஒரு மயிரிழை அழுத்திக்கொண்டே இருந்தது. அதனால் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடந்தது. ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்தது. போக வழியில்லாமல் பிரேக்கைத் தானே பிடித்தது. பிடித்ததால் இன்னும் சூடு. பூஸ்டரையும் சிலிண்டரையும் தனித்தனியே வாங்கினால் இந்தக் கம்பியின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

நான் அளக்காமல் மாட்டவில்லை. கம்பி முனையில் சப்பாத்தி மாவு ஒரு மிளகு அளவு வைத்து, சிலிண்டரை மாட்டிக் கழற்றி, நசுங்கிய மாவின் கனத்தை வெர்னியரில் பார்த்திருந்தேன். 0.4 மில்லிமீட்டர் இருந்தது. இடைவெளி இருக்கிறது என்று நிம்மதியாக மாட்டினேன். என் தவறு, என்ஜின் நின்றிருந்தபோது அளந்தது. என்ஜின் ஓடி வேக்கம் ஏறினால் பூஸ்டரின் தகர உடல் இரண்டு பக்கமும் உள்நோக்கி இழுபடுகிறது. நான் பார்த்த 0.4 அதிலேயே போய்விட்டது.

ஒன்றரை மணி நேரத்தில் காக்கா கீழக்கரையிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்தார். பையில் 7-ஆம் எண் ஸ்பானர், கொறடு, ஒரு உடைந்த ஹாக்ஸா பிளேடு, சின்ன டப்பாவில் மாவு. குழாய்களைக் கழற்றாமலே சிலிண்டரை முன்னால் இழுத்தோம். வளைந்துகொடுக்கும் குழாய் போட்டதன் பலன் அன்று தெரிந்தது. கம்பியின் முனைத் திருகை உள்ளே திருகினார். மாவு வைத்து மாட்டி, பெடலைத் தொடாமல் என்ஜினை ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, கழற்றி, மாவை எடுத்து ஹாக்ஸா பிளேடோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். மூன்றாவது முறை இரண்டும் ஒரே கனம். வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: 0.6. அவர் வெர்னியரைப் பார்க்கவே இல்லை.

"இதைவிடக் குறைத்தால் பிடிக்கும். மிகவும் கூட்டினால் பெடல் வெறுமனே இறங்கும். பிளேடு கனம் போதும் தம்பி" என்றார். கூலி கேட்டேன். மொத்த வேலைக்கும் சேர்த்து 5,000 போதும் என்று சொல்லிவிட்டு, இந்த நடைக்குத் தனியாக ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டார். தங்கச்சிமடத்தில் மீன் குழம்போடு சாப்பாடு மட்டும் சேர்ந்து சாப்பிட்டோம்.

அதன்பிறகு பாலத்தில் ஆறு முறை போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் பாம்பனில் இறங்கி நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்பு மட்டும்தான். கருகிய லைனிங்கின் மேல்பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்ததோடு சரியாகிவிட்டது.

மொத்தச் செலவு கூலியோடு 34,000-ஐ ஒட்டி வந்தது. அதில் வீணானது ஆயில், டி, இரண்டாம் வெல்டிங், டீசல் ஹோஸ் என்று 2,000-க்குக் கிட்ட. மறுபடி செய்வதாக இருந்தால் பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக எடுப்பேன். வேலையை அடியிலிருந்து தொடங்குவேன்: முதலில் டிரம், பிறகு குழாய், கடைசியில் பூஸ்டர். நான் செய்தது தலைகீழ். அந்தக் காகிதக் குழாயை வைத்துக்கொண்டு முதலில் பூஸ்டரைச் சரிசெய்து சாலையில் ஓட்டியிருந்தால், கூடிய அழுத்தத்தில் அதுதான் முதலில் வெடித்திருக்கும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடும் ஆசையும் இருக்கிறது. நனைந்த டிரம் காயும் வரை பிடிப்புக் குறைவு. கடல்நீரில் இறங்கி ஏறும் வண்டிக்கு அது குறைதான்.

ஒன்று இன்னும் பாக்கி. சுமையில்லாமல் ஓட்டும்போது கடுமையாக மிதித்தால் பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொள்கிறது. ஈரச் சாலையில் வால் ஒதுங்கும். பின் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு வால்வு ஒன்று போட வேண்டும். சொல்லி வைத்திருக்கிறேன், மதுரையிலிருந்து அடுத்த வாரம் வரும். அதுவரை பின்னால் இரண்டு மணல் மூட்டை கிடக்கிறது. கடற்கரையிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரை நான்கு டிரம்முக்கும் ஊற்றி, பிரேக்கை லேசாகப் பிடித்தபடி தெருமுனை வரை ஒருமுறை ஓட்டிக் காயவைத்துவிட்டுத்தான் நிறுத்துகிறேன். வேக்கம் கேஜைக் கழற்றவில்லை. டேஷ்போர்டில் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் பொருத்திவிட்டேன். முள் 24-இல் நின்ற பிறகுதான் கியர் போடுகிறேன்.